மருதம்பேட்டுத் தொட்டியின் சரித்திரம்

சேசு மரி சூசை துணை

மருதம்பேட்டு, பாகூர் வழி
12.2.1973

அன்புள்ள தங்கை அந்தோணி மேரிக்கு, அண்ணன் அருள்சாமி எழுதிக்கொண்டது.

நானும் உன் அண்ணி ரோசம்மாளும் நலம். என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே வைத்துவிடுவாயோ என்று பயந்து, மேல் விலாசத்தை நம் ஊர்ப் பையன் செல்லக்கண்ணுவை விட்டு முன்னமே எழுதி வாங்கி வைத்தேன். அவன் நெய்வேலிச் சுரங்கத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பொங்கலுக்கு வந்தபோது, "உபதேசியாரே, உங்க தங்கச்சிய ரேஷன் கடையில பாத்தேன். நல்லா இருக்காங்க" என்றான். இருபத்தொரு வருஷத்தில் உன்னைப் பார்த்தவர் வாயால் நான் கேட்ட முதல் செய்தி அதுதான்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நம் அன்னம்மாள் கோயில் கட்டி நூறு வருஷம் ஆகிறது. ஜூலை 26, திருநாள் அன்று நூற்றாண்டு மலர் வெளியிட வேண்டும் என்று புதுச் சாமியார் சூசைநாதன் முனைந்திருக்கிறார். சின்ன வயசு. மோட்டார் சைக்கிளில் திரிகிறார். மலருக்கு ஆளுக்கு ஒரு விஷயம் கொடுத்திருக்கிறார். என்னிடம், "ஞானஸ்நானத் தொட்டியோட சரித்திரத்த நீங்கதான் எழுதணும். அப்பா காலத்துலேர்ந்து நீங்கதானே அதுக்குக் காவல்" என்றார். வாசல் மூலையில் கம்பிக்குள் இருக்கும் தொட்டியை எடுத்துப் பீடத்துக்கு முன்னால், எல்லோர் கண்ணுக்கும் படும்படி வைக்கப் போகிறாராம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே: எட்டுப் பட்டையில் செதுக்கிய ஒரே கல். 1874-இல் மிராசு வீட்டார் உபயம். மரமூடி மட்டும் பிற்காலத்தது. அப்பா எழுதி வைத்திருந்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு அவர் சொல்லச் சொல்ல அந்த நோட்டை எழுதியவள் நீ. கல் எங்கிருந்து வந்தது, யார் செதுக்கினார்கள், நினைவிருந்தால் எழுது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

இப்படிக்கு,
அருள்சாமி


நெய்வேலி
3.3.1973

அண்ணனுக்கு மேரி எழுதுவது.

கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்து யாருடையது என்று தெரிந்ததும் அரிசி டின் மேல் வைத்துவிட்டேன். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தது. என் வீட்டுக்காரர்தான் எடுத்துப் படித்துவிட்டு, "கல்லப் பத்தித்தானே கேக்கறாரு, தெரிஞ்சத சொல்லு" என்றார். அவர் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் செலின் மேரி ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டாள். அடுத்த இரண்டும் பையன்கள், படிக்கிறார்கள். நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அப்பா சொன்னது: செஞ்சிப் பக்கம் ஒரு குன்றில் வெட்டிய கல். செதுக்கியவர்கள் அங்கேயே இருந்த கல்தச்சர்கள், இந்துக்கள். தொட்டி என்றதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு, இதற்கு எதற்கு எட்டுப் பட்டை என்று சிரித்தார்களாம். இதை நோட்டில் எழுதினேன். பக்கத்தின் பாதி எழுதியதும் அப்பா, "போதும், மிராசு வீட்டாரால் இப்பேராலயத்தில் ஸ்தாபிக்கப்பட்டதுன்னு முடிச்சிடு" என்றார். முடித்துவிட்டேன். குன்றிலிருந்து கோயில் வரைக்கும் கல் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதை எனக்குச் சொன்னவள் என் மாமியார் காசம்மாள். மிராசு வீட்டு வண்டியில் கல்லை ஏற்றி, கூட நம் ஊர்ச் சேரி ஆட்கள் பதினான்கு பேரை அனுப்பினார்கள். வில்லியனூரில் ஆற்றைத் தாண்டும்போது மணலில் அச்சு முறிந்தது. மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வண்டிக்காரன் போய்விட்டான். சேரி ஆட்கள் பனந்துண்டை அடியில் கொடுத்து, வடம் கட்டி, அங்கிருந்து மருதம்பேட்டு வரைக்கும் இழுத்தார்கள். ஐந்து நாள். கரை ஏற்றும்போது கல் சரிந்து ஒருத்தர் கால் நசுங்கிப் போனது. சவரிநாதன் என்று பேர். என் வீட்டுக்காரரின் கொள்ளுத் தாத்தா. கல்லைக் கோயிலுக்குள் நிறுத்திய மறு வாரம் அவருக்குப் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு வடக்கு வாசலில் வைத்து, வெண்கலக் கும்பாவில் தண்ணீர் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தொட்டி ஊர்க்காரர்களுக்கு மட்டும்.

தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். இதை மலரில் போடுவாயா?

மேரி


சேசு மரி சூசை துணை

மருதம்பேட்டு
18.3.1973

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து மிகுந்த சந்தோஷம். செலின் பயிற்சி முடித்ததை உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் அடுப்படியை விட்டு எழுந்து வந்து, "கடுதாசிய நீங்களே படிங்க, நான் கேக்கணும்" என்றாள். படித்தேன்.

கல் வந்த விஷயத்தைப் பற்றி யோசித்தேன். பழைய ஞானஸ்நான ரெஜிஸ்தர்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பிரெஞ்சில் இருக்கிறது. பிள்ளை பேர், பெற்றோர் பேர், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பேர், சாமியார் கையெழுத்து. எந்த வாசலில் நடந்தது என்று ஒரு வரி கிடையாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து படித்தால், இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொட்டியில்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வார்.

மேரி, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சுக்காரர் ஊரை விட்டுப் போன அந்த வருஷமே வடக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. காலனிப் பிள்ளைகளும் இப்போது கம்பிக்குள் வந்துதான் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். மிராசு வீட்டு அந்தோணிசாமிதான் மலர்க் கமிட்டிக்குத் தலைவர். இதையெல்லாம் எழுதினால் மனவருத்தம் வரும். "ஊர் மக்கள் அனைவரும் ஒன்றுகூடி இழுத்து வந்தார்கள்" என்று போட்டால் யாருக்கும் குறையில்லை. உண்மைக்கும் அது அவ்வளவு தூரமில்லை.

பழையதை நினைத்து நீ வருந்த வேண்டாம். அன்றைக்குத் தொட்டி மூடியின் சாவி என் கையில் இருந்திருந்தால் உன் பிள்ளைக்காக நான் திறந்திருக்கமாட்டேனா? சாமியார் அதைப் பூட்டிக்கொண்டு போனது நம் கெட்ட நேரம்.

உன் அண்ணி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அருள்சாமி


நெய்வேலி
2.4.1973

அண்ணே,

கடைசியில் சாவியைப் பற்றி அந்த ஒரு வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

1951, ஆகஸ்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்துவிட்டது. செலினுக்கு முப்பத்தோராவது நாள். அவளைத் தூக்கிக்கொண்டு நான் முன்வாசல் வழியாக வந்தேன். அவரும் என் மாமியாரும் வடக்கு வாசலில் நின்றார்கள். நீ கம்பிக்குள் நின்று எண்ணெயையும் உப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். நான் வந்து நின்றதும், "இன்னா மேரி இது, நீ அந்தப் பக்கம் போ" என்றாய்.

"என்னை இதுலதானே தூக்கிப் புடிச்சாங்க. என் பொண்ணையும் இதுலயே புடிக்கறேன். மூடியத் தொறணே" என்றேன்.

"சாவி எங்கிட்ட இல்ல. சாமியார் எடுத்துக்கினு போயிட்டாரு."

அப்போதுதான் தண்ணீர்க் குடத்தைத் தூக்க நீ குனிந்தாய். சட்டை மேலேறியது. உன் இடுப்பில் கறுப்புக் கயிற்றில் சாவி தொங்கியது. நான் பார்த்தேன். நான் பார்த்தது உனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் தெரியாது என்பதை இந்தக் கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

"முடியாது" என்று நீ சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். மிராசு வீட்டுக்குப் பயப்படுகிறேன் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அப்பா செத்த பிறகு என்னை வளர்த்த அண்ணன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னான். அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வடக்கு வாசல் வழியாக வெளியே இறங்கிவிட்டேன்.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். அந்த வாசல் பக்கத்துச் சுவரின் அடியில் ஒரு துவாரம் இருக்கிறது. தொட்டியில் ஊற்றிய தீர்த்தம் அது வழியாக வெளியே வந்து மண்ணில் இறங்கும். அதற்கு முன்பு யாரோ ஊர்ப் பிள்ளைக்கு ஊற்றியிருக்கிறீர்கள். ஈரம் காயவில்லை. என் மாமியார் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுச் செலின் நெற்றியில் வைத்தாள். "நாங்க எல்லாம் இப்படித்தாம்மா வைப்போம். கும்பாத் தண்ணியும் தண்ணிதான். ஆனா எங்க பாட்டன் இழுத்தாந்த கல்லு இல்லியா" என்றாள்.

அடுத்த வாரம் கடலூரில் ஒரு கோயிலுக்குப் போனோம். நாங்கள் யார், எந்தத் தெரு என்று அந்தச் சாமியார் கேட்கவில்லை. பிள்ளைக்கு என்ன பேர் என்று மட்டும் கேட்டார்.

நீ மலரில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள். ஆனால் காலனி என்று எழுதாதே. அப்போது அதற்குச் சேரி என்றுதான் பேர்.

மேரி


சேசு மரி சூசை துணை

மருதம்பேட்டு
27.6.1973

அன்புள்ள மேரிக்கு,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்தச் சாவியில் வந்து நின்றுவிடும். இப்போது நேராகவே எழுதுகிறேன். சாவி என்னிடம்தான் இருந்தது. நீ பார்த்தது சரி.

சாமியார் எடுத்துப்போனார் என்று அன்று சொன்னதை, பிறகு கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னேன். உன் அண்ணியிடமும் சொன்னேன். போகப் போக எனக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது. உண்மை என்னவென்றால், அந்த வெள்ளைக்காரச் சாமியார் எந்தப் பிள்ளை எந்த வாசல் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் எங்கே எடுத்து வைக்கிறேனோ அங்கே வந்து நிற்பார். வாசலைத் தீர்மானித்தவன் நான். அன்று உனக்காக மூடியைத் திறந்திருந்தால் அடுத்த ஞாயிறு என்னை வேலையை விட்டு எடுத்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சூசைநாதன் சாமியாரிடம் போனேன். படித்துவிட்டு மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "என்ன செய்யப் போறீங்க உபதேசியாரே?" என்றார். எழுதப்போகிறேன் என்றேன். எழுதிக் கமிட்டியில் கொடுத்தேன். அந்தோணிசாமி இரண்டு பக்கம் படித்ததும் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அருள்சாமி, நூறு வருசத் திருநாளுக்கு ஊர்ச் சண்டையா அச்சடிக்கறது?"

"சண்டை ஒண்ணும் எழுதலீங்க. நடந்தத எழுதனேன்."

"உங்க அப்பாரு இதெல்லாம் எழுதலியே."

"அவரும் எழுதல, நானும் இத்தினி நாளு எழுதல."

மலரில் போட முடியாது என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மலர் அவங்களுது. பிரசங்க நேரம் என்னுது. ஸ்நாபக அருளப்பர் திருநாள் ஞாயித்துக்கிழமை வருது. அன்னிக்குத் தொட்டிய மந்திரிக்கிறேன். நீங்க வந்து படிங்க" என்றார்.

16-ஆம் தேதி தொட்டியைப் பெயர்த்தார்கள். இரண்டு தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கடப்பாரை போட்டு நகர்த்தியதும் அடியில் சாய்வாகப் போகும் மண்குழாய் தெரிந்தது. நான் வெளியே போய் வடக்குச் சுவரின் ஓரம் புதரை விலக்கிப் பார்த்தேன். நீ எழுதிய துவாரம் அங்கே இருந்தது. முப்பத்தைந்து வருஷம் கோயிலுக்குள்ளேயே இருந்தவனுக்கு, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று வெளியே வந்து பார்க்கத் தோன்றவில்லை.

24-ஆம் தேதி படித்தேன். கல் வந்த கதை முழுவதும் படித்தேன். கடைசிப் பத்தியை உனக்கு அப்படியே எழுதுகிறேன்:

"இத்தொட்டியின் சாவியைப் பல வருஷம் வைத்திருந்தவன் அடியேன். 1951 ஆகஸ்டில் என் தங்கை அந்தோணி மேரி தன் முதல் பிள்ளையோடு இதன் முன் நின்றாள். அவள் சேரியில் வாழ்க்கைப்பட்டவள் என்பதற்காக நான் திறக்கவில்லை. சாவி இல்லை என்று பொய்யும் சொன்னேன். தொட்டியின் சரித்திரத்தில் இதுவும் சேர்ந்தது."

படிக்கும்போது அந்தோணிசாமியும் இன்னும் மூன்று குடும்பங்களும் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை. முடித்துவிட்டு இறங்கியபோது சேரித் தெரு தனக்கொடி, எண்பது வயசுக்காரி, தடியை ஊன்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். ஏதோ ஆசீர்வாதமாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உபதேசியாரே, எல்லாம் சரியாத்தான் எழுதனீங்க. ஆனா கால் போனவரு சவரிநாதன் இல்ல, சவரிமுத்து. சவரிநாதன் அவரு தம்பி. திருத்திடுங்க" என்றாள். திருத்திவிட்டேன். நீயும் உன் வீட்டில் சொல்லிவிடு.

அன்றே முதல் ஞானஸ்நானமும் நடந்தது. சேரித் தெரு கிரேஸ் மேரியின் பிள்ளை. அவளுக்கு இருபது வயசுகூட இருக்காது. இந்தக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. சாமியார் தண்ணீரை ஊற்றியதும் பிள்ளை வீறிட்டது. "கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சிருக்கக் கூடாதா, இம்மாஞ் சில்லுனு இருக்குதே" என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள். அடுத்த முறை வெந்நீர் கலந்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

திருநாளுக்கு நீ வரவேண்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. வா என்று மட்டும் கேட்கிறேன்.

அண்ணன்
அருள்சாமி


நெய்வேலி
6.7.1973

அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்தேன். பிறகு சத்தமாக எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். செலின், "அம்மா, இவ்வளவும் எனக்காகவா?" என்றாள். உனக்காக இல்லை, எனக்காகத்தான் என்றேன். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். முப்பத்தோரு நாள் பிள்ளைக்குக் கும்பாவும் தொட்டியும் ஒன்றுதானே.

என் மாமியார் இருந்திருந்தால் சவரிமுத்து விஷயத்தில் தனக்கொடியோடு சண்டைக்குப் போயிருப்பாள். அவள் போய் ஏழு வருஷம் ஆகிறது. அவள் சொன்ன கதையைக் கோயிலில் எல்லோர் முன்னும் படித்தாய் என்பது எனக்குப் போதும். உன்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது. பழைய அளவு இல்லை.

ஆனால் அண்ணே, ஒன்று சொல்லவேண்டும். கடிதத்தை நான் மடித்து வைத்த பிறகு அவர் அதை வாங்கித் தனியாக உட்கார்ந்து படித்தார். முன்பு வந்த இரண்டையும் எடுத்துப் படித்தார். எழுந்து ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் எதைத் தேடினார் என்று நானும் மூன்றையும் மறுபடி படித்தேன்.

"வீட்டில் எல்லோரும்" என்று எழுதியிருக்கிறாய். "உன் வீட்டில் சொல்லிவிடு" என்று எழுதியிருக்கிறாய். கோயிலில் என் பேரைச் சொன்னாய், உன் தப்பைச் சொன்னாய், நூறு வருஷத்துக்கு முன்னால் கால் போனவர் பேரைக்கூடத் திருத்தினாய். அன்று வடக்கு வாசலில் வெயிலில் நின்ற பிள்ளையின் தகப்பனுக்குப் பேர் இல்லையா? அவரை மனிதன் என்று கணக்கில் வைத்து ஒரு வார்த்தை நீ எழுதவில்லை. வேண்டுமென்று விட்டிருக்கமாட்டாய். உனக்கு அது கையில் வரவில்லை.

உனக்கு முதலில் பதில் எழுதச் சொன்னவரும் அவர்தான்.

என்னை வா என்று கூப்பிட்டிருக்கிறாய். கூப்பிட வேண்டியது என்னை இல்லை.

மேரி


சேசு மரி சூசை துணை

மருதம்பேட்டு
12.7.1973

அன்புள்ள மாப்பிள்ளை யாகப்பனுக்கு மச்சான் அருள்சாமி எழுதிக்கொண்டது.

இந்த ஒரு வரிக்காக மூன்று இன்லண்டைக் கெடுத்துவிட்டேன். நீ என்பதா, நீங்கள் என்பதா என்று தெரியவில்லை. நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்களை வழியில் பார்த்தால் நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவேன். நீங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள். இப்போது எனக்கு ஐம்பத்தாறு வயசு. உங்களுக்கு என்ன வயசு என்றுகூட எனக்குத் தெரியாது.

மேரி எழுதியது உண்மை. உங்கள் பேர் எனக்குக் கையில் வரவில்லை. ஊர் முன்னால் என் தப்பைச் சொல்லிவிட்டேன், பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அதை நினைத்தால் பொய் சொன்னதைவிட இதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் பிள்ளையையும் உங்கள் தாயாரையும் உங்களையும் நான் வாசலில் நிறுத்தினேன். என்னை மன்னியுங்கள்.

வேறு யாருக்கும் இல்லை, உங்களுக்குத்தான் இந்த அழைப்பு. மேரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 25-ஆம் தேதி புதன்கிழமையே வந்துவிடுங்கள். கடலூர் வந்து பாகூர் பஸ் ஏறினால் செலியமேட்டில் இறங்கலாம். அங்கே நான் நிற்பேன். வழி கேட்டுக்கொண்டு வரவேண்டாம். முன்வாசல் வழியாக உங்களோடு நான் நடந்து வருகிறேன். தங்குவது நம் வீட்டில்தான். கோயிலில் போட்டிருக்கும் பந்தலில் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திருநாள் அன்று என் வீட்டில் கை நனைப்பதில்லை என்று மிராசு வீட்டாரும் இன்னும் சிலரும் சொல்லியிருக்கிறார்கள். அதில் என் மனைவியின் அண்ணனும் ஒருவர். ரோசம்மாள் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் காலையில் பெரிய தவலையைப் பரணில் ஏற்றிவிட்டுச் சின்னத் தவலையை எடுத்து விளக்க ஆரம்பித்தாள். "ஏழு பேருக்கு இது போதும்" என்றாள். நீங்கள் ஐந்து பேர், நாங்கள் இரண்டு பேர்.

திருநாள் வெள்ளியில் விழாமல் வியாழக்கிழமையானதால் மீனும் ஆகும், கறியும் ஆகும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மேரியை விட்டு எழுதச் சொல்லாதீர்கள், மாப்பிள்ளை. நீங்களே ஒரு கார்டு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அருள்சாமி